மேக்குக்குள்ள உக்காந்திருக்கற இந்த ‘மாக்’ யாருங்க? பழைய யூனிக்ஸ் வொர்க்ஸ்டேஷன், மைக்ரோகெர்னல் பத்தி ஒரு இழை

ராத்திரிஷிப்ட்:

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா படிச்சிட்டு சத்தமில்லாம போறவன், இன்னிக்குதான் முதல் இழை போடறேன், அபத்தமா இருந்தா திட்டாதீங்க.

நேத்து ராத்திரி வேலை நடுவுல என்னோட எம்1 மேக்புக் திணற ஆரம்பிச்சிது. மெமரி என்னதான் ஆவுதுன்னு பாக்கலாம்னு டெர்மினல தொறந்து விஎம், அண்டர்ஸ்கோர், ஸ்டாட்னு அடிச்சேன். வந்த முதல் வரி: மாக் விர்ச்சுவல் மெமரி ஸ்டாட்டிஸ்டிக்ஸ், பக்கத்துல பேஜ் சைஸ் 16384 பைட்ஸ். மேக்னு எழுத வேண்டிய எடத்துல எவனோ ஒரு எழுத்து கூட போட்டுட்டான்னுதான் மொதல்ல நெனச்சேன் :) அப்புறம்தான் ஞாபகம் வந்துது, பத்து பன்னெண்டு வருஷம் முன்னாடி என் ரூம்மேட் ஒருத்தன் மறைச்சு வெச்சிருக்கற ஃபைலையெல்லாம் காட்டற செட்டிங்க ஆன் பண்ணிட்டு, டிஸ்க்ல மாக்_கெர்னல்னு ஒண்ணு இருக்கேடா இது வைரஸ்னு சொல்லி தூக்கி குப்பைல போட்டு, குப்பையையும் காலி பண்ணிட்டான். அடுத்த தடவை ஆன் பண்ணா மெஷின் பேச்சு மூச்சில்ல. அன்னிக்கு சிரிச்சதோட சரி.

இப்போ தேடிப் பாத்தா ஒருத்தர் மேக் ஓஎஸ் மைக்ரோகெர்னல்ங்கறார், இன்னொருத்தர் இல்லவே இல்லங்கறார், ஒருத்தர் எல்லாம் பிஎஸ்டி தான்ங்கறார், ஒருத்தர் நெக்ஸ்ட்ங்கறார். யாராவது முதல்லேர்ந்து சொல்லுங்களேன்.


பழையபெட்டி:

தம்பி, நாலு பேர் சொன்னதும் அரைகுறையா உண்மைதான், அதான் கொழப்பம்.

ஆரம்பம் ஆப்பிள்ல இல்ல, பிட்ஸ்பர்க்ல கார்னெகி மெலன் யூனிவர்சிட்டில. அங்க ரிச்சர்ட் ரஷீத்னு ஒரு பேராசிரியர். அவர் ஏற்கனவே ஆக்சென்ட்னு ஒரு ஆப்பரேட்டிங் சிஸ்டம் பண்ணியிருந்தார், 1981 வாக்குல. அது ஓடுனது பெர்க்ங்கற வொர்க்ஸ்டேஷன்ல. பெர்க் அதே பிட்ஸ்பர்க்ல திரீ ரிவர்ஸ்ங்கற கம்பெனி செஞ்ச பெட்டி, ஸ்க்ரீன் நெட்டுக்குத்தா, பேப்பர் மாதிரி 768க்கு 1024. ஆக்சென்ட்ல ஐடியா எல்லாம் பிரமாதம், ஒரு ப்ராசஸ் இன்னொண்ணோட பேசணும்னா மெசேஜ்தான் அனுப்பணும், அந்த மெசேஜ் பக்கத்து மெஷினுக்குப் போறதா இருந்தாலும் ப்ரோகிராமுக்கு வித்தியாசமே தெரியாது. ஆனா ரெண்டு குத்தம். ஒண்ணு அது பெர்க்கோட ஒட்டிப் பொறந்தது. ரெண்டு, யூனிக்ஸ் ப்ரோகிராம் எதுவும் அதுல நேரா ஓடாது. அந்தக் காலத்துல ஆராய்ச்சி பண்றவன் எல்லாம் யூனிக்ஸ்ல எழுதி வெச்சிருக்கான், உன் சிஸ்டம் எவ்ளோ அழகா இருந்தா என்ன, என் ப்ரோகிராம் ஓடலேன்னா நான் ஏன் வரணும்.

அதனால 1985ல புதுசா ஒரு ப்ராஜக்ட், அமெரிக்க ராணுவ ஆராய்ச்சி நிதி, அதாவது டார்ப்பா காசு. ஆக்சென்ட்டோட உயிரை எடுத்து பிஎஸ்டி, அதாவது பெர்க்லி யூனிவர்சிட்டி வளத்த யூனிக்ஸ், அதோட உடம்புல வெக்கறது. அதான் மாக். முதல்ல டெக் கம்பெனியோட வாக்ஸ் மெஷின்ல 1986ல ஓடிச்சு, அப்புறம் ஐபிஎம் ஆர்டி, சன் 3, பல சிபியு வெச்ச பெட்டிங்க.

பேர் வந்த கதை ஒண்ணு சொல்லுவாங்க. மழைல பிட்ஸ்பர்க் ரோடெல்லாம் சேறு, அந்தக் கடுப்புல மக்னு வர்ற மாதிரி ஒரு சுருக்கப்பேர் விளையாட்டா வெச்சிருக்காங்க, மக்னா அவங்க ஊர்ல சகதி. கூட வேலை செஞ்ச இத்தாலிக்காரர் டாரியோ ஜூசே வாயில அது மாக்னு வந்துது, அதே நின்னுடுச்சு. சகதியில பொறந்து ஒலிவேகத்துல முடிஞ்ச பேர், ஆனா வேகம்தான் கடைசிவரை வரல, அத நம்ம லினக்ஸ் ஆளு பெங்குவின்_பக்தன் வந்து சொல்வார் பாரு.

அந்த டீம்ல இருந்த மாணவர் ஏவி டெவானியன். நீ அடிச்ச கமாண்டோட சோர்ஸ் ஃபைலை ஆப்பிள் வெளியில போட்டிருக்கு, தொறந்து பாரு, தலைப்புலயே அவர் பேரும் 1986ம் இருக்கும்.


பெங்குவின்_பக்தன்:

கூப்ட்டீங்களா அண்ணே :)

மைக்ரோகெர்னல்ங்கறது பேப்பர்ல அழகு, மெஷின்ல நத்தை. 500 சூப்பர்கம்ப்யூட்டர்லயும் இன்னிக்கு ஓடறது என்ன? லினக்ஸ். அது என்ன கெர்னல்? மோனோலிதிக். கேஸ் க்ளோஸ்.


பழையபெட்டி:

//கேஸ் க்ளோஸ்//

நீதிபதி ஐயா, தீர்ப்பு எழுதறதுக்கு முன்னாடி கேஸ் என்னன்னு தம்பிக்கு சொல்லுவோம்.

கெர்னல்ங்கறது ஹார்டுவேரை நேரா தொடற உரிமை உள்ள ப்ரோகிராம். பழைய யூனிக்ஸ்ல ஃபைல் சிஸ்டம், நெட்வொர்க், டிரைவர் எல்லாம் அந்த ஒரே ப்ரோகிராமுக்குள்ள, மோனோலிதிக்ங்கறது இதத்தான். மைக்ரோகெர்னல் கட்சி சொல்றது, இவ்ளோ எதுக்கு உள்ள? மெமரி, த்ரெட், மெசேஜ் இந்த மூணு மட்டும் கெர்னல்ல போதும், மிச்சமெல்லாம் வெளிய சாதாரண ப்ரோகிராமா ஓடட்டும், ஒரு டிரைவர் செத்தா அது மட்டும் சாகட்டும், வீடே இடிய வேணாம்.

மாக்ல மெசேஜ் போற எடத்துக்கு போர்ட்னு பேர். தெரு முனைல இருக்கற தபால் பெட்டின்னு வெச்சுக்கோ. தொறக்கற சாவி ஒருத்தர்கிட்ட மட்டும்தான், போடற உரிமை எத்தனை பேருக்கு வேணா குடுக்கலாம். அந்த உரிமையையே ஒரு மெசேஜுக்குள்ள வெச்சு இன்னொருத்தருக்கு அனுப்பலாம். ஃபைல், த்ரெட், மெமரித் துண்டு எதுவா இருந்தாலும் அத தொடணும்னா அதோட பெட்டில போடற உரிமை உன் கைல இருக்கணும். உரிமை இல்லேன்னா அப்படி ஒண்ணு இருக்கறதே உனக்குத் தெரியாது. செக்யூரிட்டிக்கு இதவிட சுத்தமான யோசனை நான் பாத்ததில்ல.

ஆனா என்னைக் கேட்டா மாக்கோட நெஜமான சொத்து அது இல்ல, மெமரி. யூனிக்ஸ்ல ஒரு ப்ராசஸ் ஃபோர்க் பண்ணா, அதாவது தன்ன மாதிரியே இன்னொண்ண பொறக்க வெச்சா, அப்போ என்ன நடக்கும்னா அப்பனோட மெமரி மொத்தத்தையும் புள்ளைக்கு ஜெராக்ஸ் எடுத்துக் குடுப்பாங்க, புள்ள அடுத்த நொடியே வேற ப்ரோகிராமா மாறிடும், எடுத்த ஜெராக்ஸ் எல்லாம் குப்பை. பிஎஸ்டில இதுக்காகவே விஃபோர்க்னு ஒரு ஒட்டு வேலை பண்ணி வெச்சிருந்தாங்க. மாக் என்ன பண்ணிச்சு, ஜெராக்ஸே எடுக்காத, ரெண்டு பேரும் ஒரே பேப்பரை படிங்க, யாராவது பேனா எடுத்து எழுத வந்தா அந்த ஒரு பக்கத்துக்கு மட்டும் அப்போ காப்பி போடு. காப்பி ஆன் ரைட்னு சொல்றது இதுதான். பெரிய மெசேஜ் அனுப்பறதும் இதே வழிதான், டேட்டா நகராது, எந்தப் பக்கம் எங்க இருக்குன்னு எழுதி வெச்ச பேஜ் டேபிள்ல வரி மட்டும் மாறும்.

இன்னொண்ணு, பிஎஸ்டியோட பழைய மெமரி கோடு வாக்ஸ் சிபியுவுக்குன்னே தச்ச சட்டை. 80கள்ல ஆளாளுக்கு ஒரு சிபியு. மோட்டரோலா, மிப்ஸ், ஸ்பார்க், எச்பியோட பிஏ ரிஸ்க். ஒவ்வொருத்தனும் அந்தச் சட்டைய பிரிச்சு பிரிச்சு தச்சிட்டு இருந்தான். மாக்ல சிபியு சம்பந்தப்பட்டத எல்லாம் பிமேப்னு ஒரே எடத்துல ஒதுக்கி வெச்சாங்க, புது சிபியு வந்தா அத மட்டும் எழுது. வொர்க்ஸ்டேஷன் கம்பெனிங்க மாக் பக்கம் ஓடி வந்ததுக்கு மைக்ரோகெர்னல் தத்துவம் காரணமே இல்ல தம்பி, இந்த பிமேப்தான் காரணம்.


சும்மாவந்தேன்:

இதெல்லாம் தெரிஞ்சா இன்டர்வியூல வேலை குடுப்பாங்களா பாஸ்


ராத்திரிஷிப்ட்:

@சும்மாவந்தேன் வேலை இருக்கறதாலதான் ராத்திரி ரெண்டு மணிக்கு இத நோண்டிட்டு இருக்கேன் :(

@பழையபெட்டி அண்ணே தபால் பெட்டி சூப்பர். அப்போ பிஎஸ்டி எங்க வருது? மாக் மேல பிஎஸ்டியா, பிஎஸ்டிக்குள்ள மாக்கா?


ஆல்ஃபா_அக்கா:

இந்த இழைய பாத்ததும் கை நிக்கல, ரொம்ப நாள் கழிச்சு லாகின் பண்றேன், பாஸ்வேர்டே மறந்து போச்சு.

பிஎஸ்டி எங்க வருதுங்கறதுக்கு ஒரு வேடிக்கையான கதை இருக்கு. பெர்க்லிக்காரங்களுக்கும் அந்த வாக்ஸ் மெமரி கோடு பெரிய தலைவலி, மாத்தணும்னு பல வருஷமா பேசிட்டே இருந்தாங்க. சன் கம்பெனி தன்னோட சன்ஓஎஸ் 4க்காக புதுசா ஒரு விர்ச்சுவல் மெமரி எழுதியிருந்துது, ஃபைலையே மெமரி மாதிரி காட்டற எம்மேப் எல்லாம் வெச்சு நல்லா. சன்ல பில் ஜாய் இருக்கார், அவர் பெர்க்லிலேர்ந்து போனவர்தானே, அதனால அத எங்களுக்குக் குடுங்கன்னு பெர்க்லி கேட்டுது. எஞ்சினியர்களுக்கு ஆசைதான். விஷயம் மேலிடத்துக்குப் போச்சு, இது ஷேர்ஹோல்டர்களோட சொத்து, சும்மா தூக்கிக் குடுக்க முடியாதுன்னுட்டாங்க. அப்போ கைக்கு எட்டுற தூரத்துல ஃப்ரீயா இருந்தது மாக்கோடது. யூட்டா யூனிவர்சிட்டில அத பிஎஸ்டிக்குக் கொண்டு வந்தாங்க, 4.3 ரெனோல 1990ல வந்து, 4.4ல நிலைச்சுது. இன்னிக்கும் ஃப்ரீபிஎஸ்டியோட மெமரி டைரக்டரிய தொறந்தா கார்னெகி மெலன் காப்பிரைட் வரிகள் தெரியும். சன் அன்னிக்கு சரின்னிருந்தா பிஎஸ்டிக்குள்ள மாக்கே வந்திருக்காது.

அப்புறம் யூனிக்ஸ் சண்டை. 1987, 88ல யூனிக்ஸோட சொந்தக்காரங்க ஏடி அண்ட் டியும் சன்னும் கை கோத்து சிஸ்டம் ஃபைவ் ரிலீஸ் 4ங்கற யூனிக்ஸ் பண்ணப் போறோம்னதும் மத்தவங்களுக்கு வயித்துல புளி கரைஞ்சுது. டெக், ஐபிஎம், எச்பி, அப்பல்லோ, சீமென்ஸ், நிக்ஸ்டார்ஃப், புல் எல்லாம் ஒண்ணு சேந்து 1988ல ஓப்பன் சாஃப்ட்வேர் ஃபவுண்டேஷன் ஆரம்பிச்சாங்க, சுருக்கமா ஓஎஸ்எஃப். சன்னோட தலைவர் ஸ்காட் மெக்நீலி அதுக்கு, சன்னை என்னைக்கும் எதிர்ப்போம்ங்கறதோட சுருக்கம்தான் இதுன்னு கிண்டல் பண்ணார், இங்கிலீஷ்ல அதே மூணு எழுத்து. எதிரியோட கோடை அடிமடில வெச்சுக்க முடியாதே, அதனால இவங்க ஓஎஸ்எஃப்/1க்கு எடுத்துக்கிட்ட அடித்தளம் மாக் 2.5.

இத கடைசி வரைக்கும் ஒழுங்கா வித்தது டெக் மட்டும்தான். தன்னோட ஆல்ஃபா சிபியு மெஷின்ல டெக் ஓஎஸ்எஃப்/1, அப்புறம் டிஜிட்டல் யூனிக்ஸ், அப்புறம் காம்பேக் வாங்கினப்புறம் ட்ரூ64. ஒரே பொண்ணு மூணு இனிஷியல். நான் வேலைக்குச் சேந்த புதுசுல என் முன்னாடி வெச்ச பெட்டி ஆல்ஃபாதான், 64 பிட், அப்போ பக்கத்து சீட்ல எல்லாம் விண்டோஸ் 95 தொங்கிட்டு நிக்கும். ஒரு தடவை எங்க ஆபீஸ்ல யாரோ யுபிஎஸ்ஸ அணைச்சிட்டு போய் மெஷின் பாதில நின்னு போச்சு, நான் ராத்திரி கன்சோல் முன்னாடி மூணு அம்புக்குறி ப்ராம்ட்ல உக்காந்து அழாத குறையா பூட் கமாண்ட் அடிச்சேன், அது ஏத்துன கெர்னல் ஃபைலோட பேர் விஎம்யூனிக்ஸ். கவனிச்சீங்களா பக்தன், உங்க விஎம்லினக்ஸ் எங்கேர்ந்து வந்துதுன்னு? 79 வாக்குல பெர்க்லி யூனிக்ஸ்க்கு விர்ச்சுவல் மெமரி வந்தப்போ கெர்னல் பேருக்கு முன்னாடி ஒட்டிக்கிட்ட ரெண்டு எழுத்து அது. உங்க வீட்டு இனிஷியலும் எங்க தெருதான்.


பெங்குவின்_பக்தன்:

அக்கா வந்தாச்சு, இனி நான் அடக்கி வாசிக்கணும் :)

இனிஷியல் ஒத்துக்கறேன். ஆனா ஒரு விஷயம் தெளிவா சொல்லுங்க. நீங்க சொன்ன ஓஎஸ்எஃப்/1 மைக்ரோகெர்னலா? மாக் 2.5ல பிஎஸ்டி மொத்தமும் கெர்னலுக்குள்ளயே தானே இருந்துது? அப்போ அதுவும் எங்க கட்சிதான்.


ஆல்ஃபா_அக்கா:

சரியா பிடிச்சீங்க, அது மைக்ரோகெர்னல் இல்லவே இல்ல. மைக்ரோகெர்னல்னு போஸ்டர் அடிச்ச மோனோலிதிக்.


பழையபெட்டி:

நெக்ஸ்ட், அதாவது ஸ்டீவ் ஜாப்ஸ் ஆப்பிள விட்டுப் போய் ஆரம்பிச்ச கம்பெனி, அவங்களும் அதேதான். ஊரே அவங்க ஓஎஸ் நெக்ஸ்ட்ஸ்டெப்ப மைக்ரோகெர்னல்னு எழுதி வெச்சிருக்கு, விக்கிறப்பவும் மாக் மாக்னு மந்திரம் மாதிரி சொன்னாங்க, ஆனா உள்ள மாக் 2.5, கூடவே 4.3 பிஎஸ்டி, ரெண்டும் ஒரே சட்டிக்குள்ள. மாக்கோட மெமரியும் த்ரெட்டும் போர்ட்டும் கிடைக்கும், யூனிக்ஸ் கால் நேரா கெர்னலுக்குள்ள போயிட்டு வரும், வேகமும் போகல. வியாபாரம் பண்றவன் செய்ய வேண்டிய காரியம்.

டெவானியன் 1988ல நெக்ஸ்ட்டுக்குப் போனார். அதே வருஷம் அக்டோபர் 12, சான் ஃபிரான்சிஸ்கோ டேவிஸ் சிம்பொனி ஹால்ல ஸ்டீவ் ஜாப்ஸ் கறுப்புக் க்யூப காட்டினார். 25 மெகாஹெர்ட்ஸ் 68030, 8 எம்பி ராம், காலேஜ்களுக்கு விலை 6500 டாலர். அதுல ஒரு கிறுக்குத்தனம், ஹார்டு டிஸ்க் கட்டாயமில்ல, 256 எம்பி மேக்னெட்டோ ஆப்டிக்கல் டிஸ்க்லயே சிஸ்டம் ஓடும்னாங்க. மெமரி நெறைஞ்சு அந்த டிஸ்க்குக்கு ஸ்வாப் போச்சுன்னா காப்பி போட்டு குடிச்சிட்டு வரலாம். சர்ன் ஆராய்ச்சிக் கூடத்துல இந்தப் பெட்டில வெப் எழுதுன கதை எல்லாருக்கும் தெரியும், விடறேன்.

என்கிட்ட இருக்கறது க்யூப் இல்ல, அடுத்து வந்த நெக்ஸ்ட்ஸ்டேஷன், தட்டையா பீட்சா டப்பா மாதிரி, 68040. ஒருத்தர் வீடு காலி பண்றப்போ வாங்குனது. கொண்டு வந்து ஒரு மாசம் ஆன் ஆகல. இந்தப் பெட்டிக்கு பவர் ஸ்விட்சே கிடையாது, கீபோர்டுல ஒரு கீதான். கீபோர்டு போச்சுன்னு நெனச்சேன், கேபிளை மாத்தினேன், பவர் சப்ளைய கழட்டி கெப்பாசிட்டர் எல்லாம் பாத்தேன், போர்டுதான் போச்சுன்னு மனச தேத்திக்கிட்ட அன்னிக்கு, சும்மா போர்டு மேல இருந்த சின்ன 3 வோல்ட் லித்தியம் பேட்டரிய மீட்டர்ல வெச்சா செத்துக் கெடக்கு. கடிகாரத்துக்குன்னு வெச்ச பேட்டரி, அது இல்லேன்னா ஆன் பண்ற சர்க்யூட்டும் முழிக்காது. புதுசு போட்டு கீய தொட்டேன், ஸ்க்ரீன்ல நாலே நாலு சாம்பல் நிறத்துல அந்த லோகோ வந்துது பாரு... வீட்ல எல்லாரும் தூங்கிட்டாங்க, யார்கிட்ட சொல்றதுன்னு தெரியல.

பூட் ஆகறதுக்கு முன்னாடி வர்ற ரோம் மானிட்டர்ல நின்னுட்டா பூட் பண்ண பி, எஸ், டின்னு அடிக்கணும். பிஎஸ்டி யூனிக்ஸ்னு அர்த்தம் இல்ல, பி ஃபார் பூட், எஸ்டி ஃபார் ஸ்கஸி டிஸ்க். மாக்க எழுப்ப பிஎஸ்டின்னு அடிக்கணும்ங்கற பொருத்தத்த நெனச்சு நான் ஒவ்வொரு தடவையும் சிரிச்சுக்குவேன்.


ராத்திரிஷிப்ட்:

அண்ணே போட்டோ போடுங்க! பேட்டரி கதைக்கே இழை வசூல்.

அப்போ நெஜமான மாக் மைக்ரோகெர்னல்னு ஒண்ணு இருந்துதா இல்லையா?


பழையபெட்டி:

இருந்துது, மாக் 3. பிஎஸ்டிய கெர்னல்லேர்ந்து உருவி வெளிய ஒரு சர்வரா நிறுத்தினாங்க. போட்டோ ஞாயித்துக்கிழமை.


பெங்குவின்_பக்தன்:

இப்போ என் முறை, இத நான் சொல்லியே ஆகணும்.

மாக் 3ல உங்க ப்ரோகிராம் ஒரு ஃபைலைப் படிக்கணும்னா என்ன நடக்கும்? பழைய யூனிக்ஸ்ல கவுன்டர்ல நீட்டினா அதே கவுன்டர்ல திருப்பிக் குடுப்பான். மாக் 3ல நீங்க நீட்டற மனு கெர்னல்ங்கற தபால் ஆபீசுக்குப் போய், சீல் குத்தி, முகவரி சரியா உரிமை சரியான்னு பாத்து, வேற பில்டிங்ல இருக்கற யூனிக்ஸ் சர்வருக்குப் போய், அவன் பாத்து கையெழுத்து போட்டு, அதே வழியா திரும்பி வரும். ஒவ்வொரு பில்டிங் மாறும்போதும் சிபியு தன்னோட கேஷ், டிஎல்பிங்கற மெமரி முகவரி நோட்டு எல்லாத்தையும் பாதி மறந்துட்டு மறுபடி ஞாபகப்படுத்திக்கணும். ஒரு நாளைக்கு ஒரு மனுன்னா பரவால்ல, ஒரு நொடிக்கு ஆயிரக்கணக்குல போகுது.

1992 ஜனவரி 29, மினிக்ஸ் நியூஸ்குரூப்ல, மினிக்ஸ்ங்கற மைக்ரோகெர்னல் ஓஎஸ்ஸ எழுதின ப்ரொஃபசர் டேனன்பாம் லினக்ஸ் காலாவதின்னு தலைப்பு வெச்சு இழை போட்டாரே, மைக்ரோகெர்னல் ஜெயிச்சாச்சு, மோனோலிதிக் எழுதறது 70களுக்குத் திரும்பிப் போறதுன்னாரே, அப்போ லினக்ஸ் எழுதின லினஸ் ஹெல்சின்கில ஒரு காலேஜ் பையன். ப்ரொஃபசர் தியரில சரி, பையன் ஓட்டிக் காட்டினான். ஜிஎன்யூங்கற ஃப்ரீ சாஃப்ட்வேர் ப்ராஜக்ட்காரங்க 1990லேர்ந்து மாக் மேல ஹர்ட்னு தங்களோட சிஸ்டத்த கட்டிட்டு இருந்தாங்க, இன்னும் கட்டிட்டுதான் இருக்காங்க, கும்பாபிஷேக தேதி மட்டும் குறிக்கல. ஐபிஎம் வொர்க்பிளேஸ் ஓஎஸ்னு மாக் 3 மேல தன்னோட ஓஎஸ்/2, யூனிக்ஸ் எல்லாத்தையும் பக்கத்துல பக்கத்துல உக்கார வெக்கிறேன்னு எறங்கி காசைக் கரைச்சு 1996ல கடைய சாத்துனாங்க.


ஆல்ஃபா_அக்கா:

பக்தன், நீங்க சொன்னது எல்லாம் சரி, மாக்குக்கு. மைக்ரோகெர்னலுக்கு இல்ல. இந்த ரெண்டையும் ஒண்ணாப் பாத்ததுதான் அந்தக் காலத்துல எல்லாரும் பண்ண தப்பு.

ஜெர்மனில யோகன் லீட்கேன்னு ஒருத்தர், ஜிஎம்டிங்கற ஆராய்ச்சி நிலையத்துல. 1993ல ஒரு கட்டுரை போட்டார். 50 மெகாஹெர்ட்ஸ் 486, எட்டு பைட் மெசேஜ் ஒண்ணு அனுப்பறதுக்கு மாக் எடுத்துக்கற நேரம் சுமார் 115 மைக்ரோ செகண்ட், அவர் எழுதின மைக்ரோகெர்னல் எல்3 எடுத்துக்கிட்டது சுமார் 5. அதே மெஷின், அதே வேலை, இருபது மடங்குக்கு மேல வித்தியாசம். அவர் என்ன மந்திரம் பண்ணார்? கெர்னல்ல எந்த வரி வேணாமோ அத தூக்கினார், சின்ன மெசேஜ ரெஜிஸ்டர்லயே வெச்சு அனுப்பினார், மெசேஜ் பாதை மொத்தமும் கேஷுக்குள்ள அடங்கற மாதிரி அசெம்பிளில கையால எழுதினார். மாக் மெதுவா இருந்ததுக்கு பில்டிங் மாறினது மட்டும் காரணம் இல்ல, அந்தத் தபால் ஆபீஸே சைஸ்ல தாலுகா ஆபீஸ் மாதிரி இருந்துது. நடந்து போற வழில கேஷ் முழுக்க அதோட ஃபைலுங்கதான். மைக்ரோன்னு பேர் வெச்சவங்க மைக்ரோவா எழுதல, அவ்ளோதான்.

அதுக்கப்புறம் அவர் எழுதின எல்4, அதோட குடும்பம் சத்தமில்லாம எங்கெங்கயோ போயிடுச்சு. ஆஸ்திரேலியால அந்த வம்சத்துல வந்த செல்4, சுமார் 8700 வரி சி கோடு, 2009ல அது தன் விவரக்குறிப்புப்படிதான் நடக்கும்னு கணித முறைல நிரூபிச்சே காட்டினாங்க. உங்க லினக்ஸ்ல ஒரு டிரைவரே அத விட பெருசா இருக்கும்.

ராத்திரிஷிப்ட் தம்பி, உங்க மேக்லயும் ஐபோன்லயும் கைரேகை, கீ எல்லாம் பாத்துக்கற செக்யூர் என்க்ளேவ்னு தனியா ஒரு குட்டி ப்ராசசர் இருக்கு. அதுல ஓடறது ஆப்பிள் தனக்கேத்த மாதிரி மாத்திக்கிட்ட எல்4. ஒரே சிலிக்கான்ல பெரிய வீட்ல மாக், பூஜை அறைல எல்4. ஒண்ணோட மானத்தை வாங்கின இன்னொண்ணு.

டேனன்பாமும் ஒண்ணும் தோத்துப் போயிடல. இன்டெல் சிப்புக்குள்ள இருக்கற மேனேஜ்மென்ட் எஞ்சின்ங்கற தனி குட்டி கம்ப்யூட்டர்ல அவரோட மினிக்ஸ்தான் ஓடுதுன்னு 2017ல வெளிய வந்துது. பக்தனோட பெட்டி இன்டெல்லா இருந்தா அடியில மினிக்ஸ் உக்காந்திருக்க வாய்ப்பு ஜாஸ்தி :)


பெங்குவின்_பக்தன்:

நான் ஏஎம்டி :P

ஆனா 115க்கு 5ங்கறது கொஞ்சம் வலிக்குது, ஒத்துக்கறேன். அப்போ ஏன் யாரும் எல்4 மேல டெஸ்க்டாப் கட்டல? அத சொல்லுங்க பாப்போம்.


ஆல்ஃபா_அக்கா:

கெர்னல் மாத்தறது லேசு, அது மேல கட்டின முப்பது வருஷத்து டிரைவர மாத்தறதுதான் பொழப்பு. லீட்கே ஜெயிச்சுக் காட்டறதுக்குள்ள கம்பெனிங்க மைக்ரோகெர்னல்னாலே கையெடுத்துக் கும்பிட ஆரம்பிச்சிட்டாங்க. மாக் கொளுத்திப் போட்ட கெட்ட பேரு அடுத்தவங்க தலைல விடிஞ்சுது. இது என்னோட பல வருஷ ஆதங்கம்.


பழையபெட்டி:

இதுல மட்டும் அக்காவோட ஒத்துப் போக மாட்டேன். மாக் கெட்ட பேர் வாங்கிக் குடுத்துதுங்கறது ஞாயமில்ல. முதல்ல காட்டுல பாதை வெட்டறவன் கையிலதான் முள்ளு குத்தும். போர்ட், த்ரெட், வெளியிலேர்ந்து பேஜ் சப்ளை பண்ற பேஜர், இதெல்லாம் ஓடற யூனிக்ஸுக்கு அடியில போட்டுக் காட்டினதாலதான் லீட்கேக்கு எங்க அளந்து பாக்கணும்னே தெரிஞ்சுது.

சரி தம்பி கேட்ட முக்கியமான கேள்விக்கு நான் இன்னும் பதிலே சொல்லல. 1996 டிசம்பர்ல ஆப்பிள் நெக்ஸ்ட்ட வாங்கிச்சு, 400 மில்லியன் டாலருக்கு மேல. டெவானியனும் கூடவே வந்து ஆப்பிள் சாஃப்ட்வேருக்குத் தலைமை ஏத்தார், 2006 வரைக்கும் ஆப்பிள்ல இருந்தார். அவரோட குரு ரஷீத் 1991லயே மைக்ரோசாஃப்ட்டுக்குப் போய் அவங்க ஆராய்ச்சிப் பிரிவ ஆரம்பிச்சவர். குரு ஒரு பாசறை, சிஷ்யன் எதிர்ப் பாசறை. 2001 மார்ச்ல மேக் ஓஎஸ் டென் வந்தப்போ பழைய மாக் 2.5 தூக்கிட்டு ஓஎஸ்எஃப் வளத்த மாக் 3 வழி கெர்னல வெச்சாங்க, பக்கத்துலயே ஃப்ரீபிஎஸ்டிலேர்ந்து எடுத்தது, டிரைவருக்கு ஐஓகிட், மூணும் ஒரே மெமரிக்குள்ள. அதோட பேர் எக்ஸ்என்யூ, விரிச்சா எக்ஸ் யூனிக்ஸ் இல்லன்னு வரும். அதாவது மைக்ரோகெர்னலா கழட்டின மாக் 3 எடுத்து மறுபடி ஒரே சட்டில போட்டு கிண்டிட்டாங்க. அதனால மைக்ரோகெர்னலாங்கற கேள்விக்கு பதில் இல்ல. மாக்கான்னா ஆமா, நெஜமாவே ஆமா. நீ ஒரு ஆப்ப தொறந்தா பின்னாடி சர்வீஸோட பேசற எக்ஸ்பிசி மெசேஜ் எல்லாம் அந்த தபால் பெட்டி வழியாதான் போகுது. எக்ஸிக்யூட்டபிள் ஃபைல் ஃபார்மட்டுக்குப் பேரே மாக்-ஓ, அதோட முதல் நாலு பைட்ட ஹெக்ஸ்ல படிச்சா ஃபீட்ஃபேஸ்னு வார்த்தை வரும், 64 பிட்ல கடைசி எழுத்து மட்டும் மாறும். எவனோ ஒருத்தன் சிரிச்சுக்கிட்டே வெச்ச நம்பர், இன்னிக்கு கோடிக்கணக்கான போன்ல இருக்கு.

இன்னும் ஒரு வேடிக்கை. நெக்ஸ்ட்டுல டிரைவர் எழுதறதுக்கு ஒரு சாதனம் இருந்துது, டிரைவர்கிட்னு பேர், டென்ல அத தூக்கிட்டாங்க. 2019ல ஆப்பிள் அதே டிரைவர்கிட்ங்கற பேர்ல புதுசா ஒண்ணு விட்டுச்சு, எதுக்கு? டிரைவர கெர்னல்லேர்ந்து வெளிய எடுத்து சாதாரண ப்ராசஸா ஓட்டறதுக்கு. 85ல சொன்னத 2019ல ஆரம்பிக்கறாங்க. பக்தன், கேஸ மறுபடி தொறக்கலாமா?


பெங்குவின்_பக்தன்:

வாய்தா வாங்கிக்கறேன் அண்ணே.


சும்மாவந்தேன்:

வந்தது சும்மா, ஆனா மூணு மணி நேரமா இதே இழைலதான் இருக்கேன். எச்பி, ஸ்பார்க், இன்டெல் எல்லாத்துலயும் ஓடற ஒரே ஃபைல்னு நெக்ஸ்ட்ல இருந்துதாமே, அது நெஜமா?


பழையபெட்டி:

நெஜம்தான். 3.3ல மோட்டரோலா, இன்டெல், பிஏ ரிஸ்க், ஸ்பார்க் நாலுக்கும் கோட ஒரே மாக்-ஓ ஃபைல்ல அடுக்கி வெக்கலாம், ஃபேட் பைனரின்னு பேர், குண்டு ஃபைல். இப்போ எம்1 வந்தப்போ யூனிவர்சல் ஆப்னு மேடைல சொன்னாங்களே, அதே குண்டுப் பையன்தான், சட்டை புதுசு. அதோட முதல் நாலு பைட் கஃபேபேப், ஜாவா கிளாஸ் ஃபைலோட முதல் நாலு பைட்டும் அதேதான். ஃபைல் என்ன ரகம்னு கண்டுபிடிக்கற கமாண்டு அடுத்த நாலு பைட்ட பாத்துதான் யார் யாருன்னு பிரிக்குது.


ராத்திரிஷிப்ட்:

மக்களே அப்டேட்.

லீவு போட்டுட்டு பழைய நெக்ஸ்ட் பெட்டி மாதிரியே நடிக்கற ப்ரீவியஸ்ங்கற எமுலேட்டர எறக்கி நெக்ஸ்ட்ஸ்டெப் 3.3 ஏத்திட்டேன். மூணு தடவை பாதில நின்னுது, நாலாவது தடவைதான் டிஸ்க் இமேஜ் சைஸ் கம்மியா குடுத்தது என் தப்புன்னு புரிஞ்சுது. லாகின் ஆனதும் வலது ஓரத்துல டாக் இருக்கு, சாம்பல் நிறம், ஆனா எல்லாம் தெரிஞ்ச முகமா இருக்கு, ஃபைல் ப்ரவுசர் அப்படியே ஃபைண்டரோட காலம் வியூ.

டெர்மினல தொறந்தேன். விஎம், அண்டர்ஸ்கோர், ஸ்டாட்.

மாக் விர்ச்சுவல் மெமரி ஸ்டாட்டிஸ்டிக்ஸ். பேஜ் சைஸ் 8192 பைட்ஸ்.

ரெண்டு விண்டோவையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு பாத்துட்டே இருந்தேன். ஃப்ரீ, ஆக்டிவ், இன்ஆக்டிவ், வயர்டு டவுன், வரிசை கூட அப்படியே.

ஒரே ஒரு சந்தேகம், இதுல ஷட்டவுன் எங்கண்ணே இருக்கு? அரை மணி நேரமா மெனுவா மெனுவா தேடறேன்.


பழையபெட்டி:

அந்த பவர் கீதான் தம்பி. ஒரு தட்டு தட்டு, நெஜமாவே அணைக்கணுமான்னு அதுவே கேக்கும்.